இறக்குன வண்டி ஏன் உதறுது? பிக்கப் டிரக், 3 ஜாயின்ட், கொஞ்சம் கணக்கு

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வாக்கியத்தைப் பத்தினது. அமெரிக்காவுல பிக்கப் டிரக்கை இறக்கி ஓட்டுறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க: "இறக்குன வண்டி அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ."

சீட்டுக்கு அடியில ஒரு உறுமல், 60 மைல் தாண்டினா ஃப்ளோர்ல ஒரு நடுக்கம், சிக்னல்ல கிளம்பும்போது ஒரு உதறல். இதைக் கேட்டு ஒர்க்‌ஷாப் போனா பாதிப் பேர் டயரை பேலன்ஸ் பண்ணுவாங்க. மீதிப் பேர் இந்த வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிடுவாங்க. நான் சொல்ல வர்றது இதுதான்: அந்த அதிர்வுக்கு ஒரு முகவரி இருக்கு. எந்தப் பார்ட்டுல இருந்து வருதுன்னு அதுவே சொல்லுது. பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி அதை அளந்து படிச்சாப் போதும்.

டிரக் இல்லாதவங்களும் கேளுங்க. ஒரு பெரிய சிஸ்டத்துல ஒரு இடத்தை மாத்தினா வேற எங்கேயோ வலிக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

யார் இறக்குறாங்க, எதுக்கு?

நான் இருக்கிற ஹூஸ்டன்ல பிக்கப் டிரக்னா பெரும்பாலும் உயரமா ஏத்திக் கட்டினதுதான் கண்ணுல படும். அதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு. 1967-ல இருந்து 1972 வரைக்கும் வந்த செவர்லே சி10, 90-கள்ல வந்த சி1500, அப்புறம் சில்வராடோ. இந்த வண்டிகளைத் தரையோட ஒட்டின மாதிரி இறக்கி வைக்கிறது ஒரு தனி ரசனை. டிரக் பார்க்க நீளமா, அமைதியா தெரியும். ஈர்ப்பு மையம் கீழ வர்றதால வளைவுல சாய்றதும் குறையும்.

பின்பக்கம் இறக்குறதுக்கு ரொம்பப் பரவலான வழிக்கு ஃப்ளிப் கிட்னு பேரு. லீஃப் ஸ்பிரிங் வச்ச நிறைய பிக்கப்ல ஸ்பிரிங், ஆக்ஸிலுக்கு மேல உக்காந்திருக்கும். ஃப்ளிப் கிட் போட்டா ஆக்ஸில், ஸ்பிரிங்குக்கு மேல போயிடும். அவ்வளவுதான் மாற்றம். ஆனா வண்டி ஒரே அடியா 5, 6 அங்குலம் இறங்கிடும். ஆக்ஸில் ஏறி இறங்க இடம் வேணும்னு ஃப்ரேம்ல ஒரு வளைவு வெட்டி, அங்க கனமான தகடு வச்சு பலப்படுத்துவாங்க. அதுக்கு சி-நாட்ச்னு பேரு.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. நம்ம கண்ணுக்கு வண்டி கீழ வந்திருக்கு. ஃப்ரேம் பக்கத்துல இருந்து பார்த்தா ஆக்ஸில் மேல போயிருக்கு. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஃப்ரேமோட இருக்கு, அதுல எதுவும் நகரல. பின் ஆக்ஸில் மட்டும் அஞ்சரை அங்குலம் ஏறிடுச்சு. இந்த ரெண்டையும் இணைக்கிற ஒரே பொருள் புரொப்பல்லர் ஷாஃப்ட். வலி அங்கதான் தொடங்குது.

கிராஸ் ஜாயின்ட் பண்ற தில்லாலங்கடி

நம்ம ஊர் லாரிப் பட்டறைப் பக்கம் போனவங்களுக்கு கிராஸ் ஜாயின்ட் தெரியும். கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு, நாலு முனையிலயும் பேரிங். ஷாஃப்ட் சாய்வா இருந்தாலும் சுழற்சியைக் கடத்திக் கொடுக்கும். 16-ம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோ பேரையும், 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் பேரையும் இதுக்கு வச்சிருக்காங்க. ஸ்பிரிங்கை எவ்வளவு இழுத்தா எவ்வளவு விசைன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே ஹூக்தான். டிரக்கை இறக்குறவர் முதல்ல ஹூக்கோட ஸ்பிரிங்ல கை வைக்கிறார், அப்புறம் ஹூக்கோட ஜாயின்ட்ல மாட்டிக்கிறார்.

இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. நேரா இருக்கிறப்போ உள்ள வர்ற வேகமும் வெளிய போற வேகமும் ஒண்ணு. ஒரு கோணத்துல மடங்கினா அப்படி இல்ல. உள்ள சீரா சுத்தினாலும், வெளிய ஒவ்வொரு சுற்றுலயும் ரெண்டு தடவை வேகம் கூடி, ரெண்டு தடவை குறையும். 3 டிகிரியில இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 10 டிகிரியில 1.5 சதவீதம். கோணம் 3 மடங்குதான் கூடிச்சு, ஆட்டம் 11 மடங்கு கூடிடுச்சு. ஏன்னா ஆட்டம் கோணத்தோட வர்க்கத்துல வளருது. இந்த வர்க்கம்ங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க, இன்னைக்குக் கதையே அதுல இருக்கு.

அப்போ ஆரம்பத்துல இருந்தே எல்லா வண்டியும் உதறணுமே? உதறாது. ஷாஃப்ட்டோட இன்னொரு முனையிலயும் ஒரு ஜாயின்ட் இருக்கு. ரெண்டு கோணமும் சமமா இருந்து, ரெண்டு ஜாயின்ட்டும் ஒரே திசை பார்த்துப் பொருத்தியிருந்தா, முதல் ஜாயின்ட் பண்ணின குளறுபடியை ரெண்டாவது ஜாயின்ட் சரி பண்ணிடும். ஆக்ஸிலுக்குப் போய்ச் சேர்ற சுழற்சி சீராகிடும்.

ஆனா நடுவுல இருக்கிற ஷாஃப்ட்டை யோசிச்சுப் பாருங்க. அது மட்டும் வேகம் கூடிக் குறைஞ்சுக்கிட்டேதான் சுத்துது. அதோட எடை சும்மா இருக்காது. அதனால கோணம் சமமா இருந்தா மட்டும் போதாது, சின்னதாவும் இருக்கணும். டிரைவ்லைன் தொழில்ல பொதுவா சொல்ற விதி இது: வேலை செய்யுற கோணம் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் 3 டிகிரிக்குள்ள. ஜோடிக்குள்ள வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள. அதே சமயம் பூஜ்யமாவும் இருக்கக் கூடாது, அரை டிகிரியாவது வேணும். இல்லன்னா உள்ள இருக்கிற ஊசி பேரிங் உருளாம ஒரே இடத்துலயே அழுத்தி, பள்ளம் விழுந்துடும்.

டென்வர் போகணும்

இப்போ ஒரு நிஜ வண்டிக்கு வரேன். ஆபீஸ்ல எனக்கு சீனியர், நான் அண்ணன்னு கூப்பிடுறவர். வி8 இன்ஜின் போட்ட ஃபுல்-சைஸ் பிக்கப் வச்சிருக்கார். பின் சீட்டுக்குத் தனிக் கதவு உள்ள நீள கேபின். முன்னாடி 4 அங்குலம், பின்னாடி ஃப்ளிப் கிட் போட்டு அஞ்சரை அங்குலம் இறக்கியிருந்தார். அழகான வண்டி, அதுல சந்தேகம் இல்ல. ஆனா இறக்கின நாள்ல இருந்து உதறல். டயரை மூணு தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு. நாலாவது தடவை ஒர்க்‌ஷாப்ல அந்த வாக்கியத்தைச் சொல்லிட்டாங்க.

அவருக்கு டென்வர்ல வேலை மாறிடுச்சு. ஹூஸ்டன்ல இருந்து சுமார் 1,000 மைல். ரெண்டு வாரத்துல அண்ணி, நாலு வயசுப் பொண்ணு, வீட்டுச் சாமான் எல்லாத்தோடயும் அந்த டிரக்லயே போறதா திட்டம். என்கிட்ட அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும். இதுல குழந்தையை உக்கார வச்சு 1,000 மைல் போகலாமா, கூடாதா?"

இது சௌகரியம் பத்தின கேள்வி இல்ல. கிராஸ் ஜாயின்ட் ஓட்டத்துல உடைஞ்சா ஷாஃப்ட் கீழ விழும். நிமிஷத்துக்கு 2,500 தடவை சுத்துற இரும்புக் குழாய் அது. ஃப்ளோரை அடிக்கலாம், பிரேக் லைனை அறுக்கலாம், முன்முனை ரோட்ல குத்தலாம். அதனால "பழகிக்கோ"ங்கிறது இதுக்குப் பதில் ஆகாது. முதல்ல அளக்கணும்.

சத்தத்துக்கு நம்பர் போடுறது

எல்லாச் சுழல்ற பொருளுக்கும் ஒரு வேகம் உண்டு. அது தெரிஞ்சா அதிர்வோட சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சிடலாம். அவர் டயர் விட்டம் சுமார் 30 அங்குலம். 60 மைல் வேகத்துல டயர் நிமிஷத்துக்கு 672 சுற்று, அதாவது வினாடிக்கு 11. டிஃபரன்ஷியல் விகிதம் 3.73. 672-ஐ 3.73-ஆல பெருக்குங்க, ஷாஃப்ட் வேகம் கிட்டத்தட்ட 2,500. வினாடிக்கு 42. கிராஸ் ஜாயின்ட் கோணம் தப்பா இருந்தா ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை ஆட்டம்னு பார்த்தோம், அப்போ வினாடிக்கு 84.

ஆக, 60 மைல்ல மூணு முகவரி கிடைச்சாச்சு. 11 ஹெர்ட்ஸ்னா டயர் அல்லது ரிம். 42-னா ஷாஃப்ட் பேலன்ஸ் இல்ல, அல்லது வளைஞ்சிருக்கு. 84-னா ஜாயின்ட் கோணம், இல்லன்னா ஷாஃப்ட்டைத் திசை மாத்திப் பொருத்தியிருக்காங்க. உங்க வண்டிக்கு டயர் விட்டத்தையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் மாத்திப் போட்டாப் போதும், அதே கணக்குதான்.

அளக்குறதுக்குப் போனே போதும். ஜெர்மனியோட ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல உருவாக்கின ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு. போன்ல இருக்கிற ஆக்சிலரோமீட்டரை எடுத்து அதிர்வெண் வரைபடமா காட்டும். போனை சீட் ரெயில்ல டேப் போட்டு இறுக்கமா ஒட்டணும். மடியில வைக்காதீங்க, நம்ம உடம்பே அதிர்வை முழுங்கிடும். ஒருத்தர் ஓட்டணும், இன்னொருத்தர் அளக்கணும். ஓட்டுறவர் போனைத் தொடவே கூடாது.

இங்கதான் நம்ம துறை ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம் வருது. அண்ணன் போன்ல முதல் தடவை 60 மைல்ல பார்த்தப்போ உச்சம் 16 ஹெர்ட்ஸ்ல நின்னுச்சு. 11-க்குக் கொஞ்சம் பக்கத்துல இருக்கே, டயர்தானோன்னு யாருக்கும் தோணும். அப்புறம் 65 மைல் போனார். உச்சம் 9-க்கு இறங்குச்சு. வண்டி வேகம் கூடுது, அதிர்வெண் குறையுதா? எந்தச் சக்கரமும் அப்படிச் சுத்தாது.

காரணம் எளிமையானது. அந்தப் போன் வினாடிக்கு 100 தடவைதான் அளக்குது. 100 தடவை அளந்தா 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பலாம். அதுக்கு மேல இருக்கிறது மடங்கி, கீழ வேற நம்பரா தெரியும். 84 இருந்தா 100-ல இருந்து கழிச்சு 16-னு காட்டும். 65 மைல்ல நிஜ அதிர்வு 91 ஆகுது, போன் 9-னு காட்டுது. காலேஜ்ல சிக்னல்ஸ் பேப்பர்ல படிச்ச அலியாசிங், டெக்சாஸ் ஹைவேல ஒரு டிரக் சீட்டுக்கு அடியில உக்காந்திருந்துச்சு. வேற போன்ல வினாடிக்கு 400 தடவை அளந்து பார்த்தப்போ, 84-ல கம்பம் நட்ட மாதிரி ஒரு கோடு. மூணு தடவை பேலன்ஸ் பண்ணின டயர் மேல எந்தத் தப்பும் இல்ல.

அளக்க முடியாதவங்களுக்கு ரெண்டு எளிய சோதனை இருக்கு. ஒண்ணு, ஒரே வேகத்துல கியரை ஒண்ணு குறைச்சுப் பாருங்க. இன்ஜின் சுழற்சி மாறும், ஷாஃப்ட் சுழற்சி மாறாது. அதிர்வும் மாறலன்னா இன்ஜினை விட்டுடலாம். ரெண்டாவது, சத்தத்தோட குணத்தைக் கவனிங்க. ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஒரு மாதிரி, விட்டா வேற மாதிரி ஊளையிட்டா கிரௌன் பினியன் பக்கம் போங்க. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உறுமல் மாறினா வீல் பேரிங். கியர் மாத்தும்போது "டங்"னு ஒரு அடி கேட்டா தேஞ்சுபோன கிராஸ் ஜாயின்ட்டா இருக்கலாம். நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது உதறி, 20 மைல்ல அடங்கினா சென்டர் பேரிங்கும் அதைச் சுத்தியிருக்கிற கோணங்களும்.

ஏன் ரெண்டு துண்டு ஷாஃப்ட்?

நீளமான டிரக்ல ஷாஃப்ட் ஒரே துண்டா இருக்காது. நீளக் குழாய் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வில்லா வளைஞ்சு சுத்தும். ஒரே குழாயை 2 மடங்கு நீளமாக்கினா, அந்த ஆபத்தான வேகம் 4-ல் ஒரு பங்கா இறங்கிடும். அதனால ரெண்டா வெட்டி, நடுவுல ஒரு சென்டர் பேரிங் போட்டு, ரப்பர்ல தொங்க விட்டு, ஃப்ரேமோட குறுக்குச் சட்டத்துல போல்ட் பண்ணியிருப்பாங்க. ஜாயின்ட் ரெண்டுக்குப் பதிலா மூணு.

இறக்கும்போது இங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. முன் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்கும் சென்டர் பேரிங்குக்கும் நடுவுல இருக்கு. ரெண்டும் ஃப்ரேமோட இருக்கிறதால அது அசையல. பின் ஷாஃப்ட் மட்டும்தான் அந்த அஞ்சரை அங்குலம் முழுசையும் தாங்குது. அது 40 அங்குல நீளம்னா கோணம் 8 டிகிரி மாறும். அந்த மொத்த மடிப்பும் சென்டர் பேரிங் பக்கத்து ஜாயின்ட் தலையிலயும், பினியன் ஜாயின்ட் தலையிலயும் விழுது.

கழித்தல் தெரிஞ்சாப் போதும்

கோணம் அளக்குறதுக்கு டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் ஒண்ணு போதும். விதி நாலு.

வண்டி தன் சக்கரத்துல, தன் எடையில நிக்கணும். ஃப்ரேமுக்கு ஜாக் கொடுத்து ஆக்ஸிலைத் தொங்க விட்டு அளந்தா வர்றது வேற வண்டியோட கணக்கு. ஓட்டி ஏத்துற லிஃப்ட் இருந்தா நல்லது. ராம்ப்னா நாலு சக்கரத்துக்கும் வச்சு, கட்டை போட்டுட்டுத்தான் அடியில போகணும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில போகாதீங்க.

நாலு சாய்வு எடுங்க: கியர்பாக்ஸ், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன். தரை கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா கவலை இல்ல, கழிக்கும்போது அது போயிடும். ஆனா நடுவுல வண்டியை நகர்த்தக் கூடாது.

எல்லாத்தையும் வண்டியோட ஒரே பக்கத்துல இருந்து அளங்க. பின்னாடி கீழ சாய்ஞ்சா கூட்டல், மேல ஏறினா கழித்தல்னு வச்சுக்கோங்க.

பக்கத்துப் பக்கத்து ரெண்டு சாய்வோட வித்தியாசம்தான் அந்த ஜாயின்ட் வேலை செய்யுற கோணம். பினியன் சாய்வு எத்தனை டிகிரின்னு மட்டும் கேட்டு ஆப்பு வாங்கிப் போடுறவங்க தப்பு பண்றது இங்கதான். அந்த ஒத்தை நம்பருக்குத் தனியா அர்த்தம் கிடையாது.

அண்ணன் வண்டியில வந்த நம்பர்: கியர்பாக்ஸ் 3, முன் ஷாஃப்ட் 4, பின் ஷாஃப்ட் மைனஸ் 2, பினியன் 3. கழிச்சா முதல் ஜாயின்ட் 1 டிகிரி, நடு ஜாயின்ட் 6, பினியன் ஜாயின்ட் 5.

வித்தியாசம் 1 டிகிரிதானே, விதிக்குள்ள இருக்கேன்னு கேக்கலாம். இப்போ அந்த வர்க்கத்தை எடுங்க. 6-க்கு 36. 5-க்கு 25. ஒண்ணை ஒண்ணு அடிச்சாலும் 11 மிச்சம். இறக்குறதுக்கு முன்னாடி பின் ஷாஃப்ட் 6 டிகிரி கீழ சாய்ஞ்சிருந்துச்சு. அப்போ நடு ஜாயின்ட் 2, பினியன் 3. வர்க்கம் 4, 9. மிச்சம் 5. வித்தியாசம் அதே 1 டிகிரிதான், ஆனா மிச்சம் ரெண்டு மடங்குக்கு மேல. அது போக, நடு ஷாஃப்ட் தனக்குள்ள அனுபவிக்கிற ஆட்டம் 4-ல இருந்து 36 ஆயிடுச்சு, 9 மடங்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஷாஃப்ட் எவ்வளவு வேகமா சுத்துதோ, அதுக்கு ஏத்த மாதிரி அனுமதிக்கிற கோணம் குறையும். வழக்கமான அட்டவணையில 2,500 சுற்றுக்கு உச்சம் 7 டிகிரி, 3,000-க்கு 5.8, 3,500-க்கு 5. டெக்சாஸ் ஹைவேல 75 மைல் சாதாரணம். அந்த வேகத்துல இவர் ஷாஃப்ட் 3,100-ஐத் தாண்டும். 6 டிகிரி எல்லைக்கு வெளிய. அண்ணனோட கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிடுச்சு: இப்படியே டென்வர் போகக் கூடாது.

சரி பண்ணின வரிசை

முதல்ல கண்ணால பார்க்குறது. சென்டர் பேரிங் ரப்பர் ஒரு பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. கிளம்பும்போது வர்ற உதறலுக்கு அதுதான் பாதிக் காரணம். பினியன் ஜாயின்ட்டோட ஒரு மூடி ஓரமா துருப்பொடி. அது உள்ள கிரீஸ் தீர்ந்ததுக்கு அடையாளம். ரெண்டையும் மாத்தியாகணும். ஆனா கோணத்தைச் சரி பண்ணாம மாத்தினா புதுசும் அதே வழியில போகும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டோட ஒவ்வொரு இணைப்புலயும் பெயின்ட்ல ஒரு கோடு. திரும்பப் போடும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் ஜாயின்ட்டுகளோட திசை மாறிடும். அப்புறம் கோணம் சரியா இருந்தும் 84 ஹெர்ட்ஸ் அப்படியே நிக்கும்.

அடுத்து சென்டர் பேரிங்கை 1 அங்குலம் உயர்த்தினாங்க. ஏத்திக் கட்டின டிரக்ல பேரிங்கைக் கீழ இறக்குவாங்க, இறக்கின டிரக்ல மேல ஏத்தணும். மடிப்பை ஒரே ஜாயின்ட் சுமக்காம பங்கு போட்டுக்கிறதுதான் நோக்கம். இவர் வண்டியில ஃப்ளோருக்கும் பேரிங்குக்கும் நடுவுல அந்த இடம் இருந்துச்சு. இல்லாத வண்டியில பிராக்கெட்டையே மாத்திச் செய்யணும். முன் ஷாஃப்ட் 24 அங்குலம், அதனால சாய்வு 4-ல இருந்து 1.6 ஆச்சு. பின் ஷாஃப்ட் மைனஸ் 2-ல இருந்து மைனஸ் 0.6. இப்போ மூணு ஜாயின்ட்டும் 1.4, 2.2, 3.6. முதல் ஜாயின்ட் தனி ஆள், அதோட ஆட்டத்தைச் சமன் பண்ண ஜோடி இல்ல. அதை ஒன்றரை டிகிரிக்குள்ள வைக்கணும், வந்துடுச்சு.

மறுபடியும் ஓட்டி அளந்தாச்சு. ஒரு மாற்றம், ஒரு அளவு. ரெண்டையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாது, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. 84-ல இருந்த கோடு நல்லா குறைஞ்சிருந்துச்சு, போகல.

கடைசியா லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல 1 டிகிரி ஆப்பு. மெல்லிய முனை எந்தப் பக்கம்ங்கிறது முக்கியம். பினியன் மூக்கு 1 டிகிரி கீழ வரணும். போட்டதும் பினியன் 2, ஜாயின்ட் 2.6. ஜோடி 2.2, 2.6. வர்க்கத்துல மிச்சம் 2-க்கும் கீழ. லீஃப் ஸ்பிரிங் வண்டியில ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் மூக்கு தானா கொஞ்சம் மேல தூக்கும். அதனாலயும் இந்தக் கீழ் சாய்வு நல்லது. ஆப்பு இரும்புல வாங்குங்க, அலுமினியம் அந்த அழுத்தத்துல விரியலாம். யூ போல்ட்டைப் புதுசாப் போட்டு, ஓட்டிட்டு வந்து மறுபடியும் டைட் பாருங்க.

இதோட ரெண்டு விஷயத்தையும் பார்த்துக்கணும். ஸ்பிரிங் முழுசா அமுங்கும்போது ஸ்லிப் யோக் உள்ள போய் முட்டாம இருக்க இடம் வேணும். அப்புறம் ஷாஃப்ட் எங்கயாவது உரசின தடம் இருக்கான்னு ஃப்ளோர், எக்ஸாஸ்ட், சி-நாட்ச் பக்கத்துச் சட்டம் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பளபளன்னு தேய்ஞ்ச இடம் இருந்தா அதுதான் சாட்சி.

சாமான் ஏத்தின அப்புறம்?

எல்லாம் முடிஞ்சு 75 மைல்ல அமைதி. 84 ஹெர்ட்ஸ் கோடு ரோட்டுச் சத்தத்துக்குள்ள கரைஞ்சிடுச்சு. கதை இங்க முடியணும். ஆனா அண்ணி ஒரு கேள்வி கேட்டாங்க: "இதெல்லாம் காலி வண்டிக்குத்தானே? நாங்க வாஷிங் மெஷின் ஏத்தப் போறோமே."

மொத்த எபிசோட்லயும் நல்ல கேள்வி இதுதான். பின்னாடி சாமான் ஏத்தினா ஸ்பிரிங் இன்னும் ஒன்றரை அங்குலம் அமுங்கும்னு வைங்க. பின் ஷாஃப்ட் இன்னும் 2 டிகிரி மேல சாயும். நடு ஜாயின்ட் 4.3, பினியன் 4.7. திரும்பவும் பழைய ஊருக்கே பாதி வழி போயாச்சு. டிரக்னா சுமை ஏத்துறதுக்குன்னு பிறந்தது. இறக்கினப்போ நாம அதுகிட்ட இருந்து எடுத்துக்கிட்டது அந்த இடைவெளியைத்தான். கோணத்தை ஒரு உயரத்துக்குத்தான் சரி பண்ண முடியும். எந்த உயரம்னு நீங்க முடிவு பண்ணணும்.

அவங்க முடிவு பண்ணினாங்க. சாமானுக்கு வாடகை லாரி, டிரக்ல மூணு பேரும் ரெண்டு பெட்டியும் மட்டும். போய்ச் சேர்ந்தாச்சு. அந்த நீள ரோட்ல பாப்பா பெரும்பாலும் தூங்கிட்டே வந்துச்சாம்.

சுருக்கமா, உங்க வண்டியோ உங்க நண்பர் வண்டியோ உதறினா வரிசை இது. சத்தம் எந்த வேகத்துல, எந்த நேரத்துல வருதுன்னு எழுதுங்க. அதிர்வெண் பாருங்க, போன் வினாடிக்கு எத்தனை தடவை அளக்குதுன்னும் பாருங்க. வழக்கமா ஏத்துற சுமையோட, சக்கரத்துல நிக்க வச்சு நாலு சாய்வு எடுங்க. கழிங்க. அப்புறம் மட்டும் பர்ஸைத் திறங்க. வெல்டிங் தேவைப்படுற வேலையை அது தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க, நம்பர் எழுதின பேப்பரோட போங்க. பேப்பரோட வர்றவர்கிட்ட "அப்படித்தான் இருக்கும்"னு சொல்றது கொஞ்சம் கஷ்டம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. பத்திரமா ஓட்டுங்க.